இடைவெளி இல்லாத அதிர்வு

...அதான் கேக்குறேன், பூகம்பம் என்ன பால்காரரா, காலையில வரேன்னு சொல்லிட்டு வர? நான் எங்க வேலை பாக்குறேன்னு சொன்னாப் போதும், உடனே ‘அடுத்தது எப்போ மேடம்?’ நீங்களும் கேட்டீங்க பாருங்க! பரவால்ல, பரவால்ல, தப்பா எடுத்துக்கல. இத்தனை வருஷமா நிலநடுக்கப் பதிவு நிலையத்துல உக்காந்திருக்கேன், எங்கம்மா இன்னும் வானிலை ஆபீஸ்னுதான் சொல்லிட்டிருக்காங்க. குடை எடுத்துட்டுப் போகவான்னு என்னைக் கேப்பாங்க!

அந்தப் பையைக் கொஞ்சம் இப்படி வெச்சுக்கோங்க, பஸ் குலுங்குறப்பல்லாம் முட்டியில இடிக்குது. ஆங்.

எப்போ வரும்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாதுங்க. ஏன் வருதுன்னு கேளுங்க, சொல்றேன். கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். பூமியோட மேல் ஓடு இருக்கே, அது ஒரே துண்டு இல்ல. பெரிய பெரிய பாளம். ஒவ்வொண்ணும் நகருது. என்ன வேகம்ங்கிறீங்க? நம்ம நகம் வளர்ற வேகம்! அதுக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம். ரெண்டு பாளம் உரசுற இடத்துல ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். நகர முடியாது, ஆனா பின்னாலேர்ந்து தள்ளுறது நிக்காது. வருஷக்கணக்கா அழுத்தம் உள்ளயே சேருது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, சமத்தா இருக்கும். ஒருநாள் தாங்காம படக்குனு வழுக்கும் பாருங்க... அதான்.

இப்போ எங்க போறேன்னு கேக்கலையே? தங்கச்சி வீட்டுக்கு. பெரிய பாடகி! என்கிட்ட பேசுறதில்ல. என்ன குத்தம் பண்ணேன்? கூட்டத்தைக் காப்பாத்தப் பாத்தேன், அது தப்பாம்!

அன்னிக்கு அவளோட முதல் தனிக் கச்சேரி, எங்க ஊர்லயே பெரிய ஹால்ல. எனக்கு டியூட்டி. மாத்திக்க ஒரு ஆள் சிக்கல. எங்க டைரக்டர் இருக்காரே, மகராசன், ‘பூமிக்கு லீவு உண்டாம்மா?’ன்னாரு. ஜோக்காம்! சரின்னு அவளுக்குப் போன் போட்டு, வர முடியலடின்னேன். அழுவா, ‘நீ இல்லாம எப்படிக்கா’ம்பான்னு பாத்தா, ‘பரவால்லக்கா, எப்படியும் ஹவுஸ்ஃபுல்’ங்கிறா! எப்படி இருக்கும் சொல்லுங்க? வீட்ல ஒருத்தியைத்தான் பாட்டு கிளாஸுக்கு அனுப்ப முடியும்னாங்க, நான் நின்னுட்டேன், அவ போனா. எனக்கும் தொண்டை இருந்துச்சுங்க. சரி, விடுங்க, அந்தக் கதை எதுக்கு இப்போ.

கொஞ்ச நேரத்துல திரையைப் பாக்குறேன், கோடு துள்ளி எகிறியிருக்கு! எங்க கருவி கீழ நிலவறையில இருக்கு. உள்ள ஒரு எடை தொங்கும். பூமி ஆடுனாலும் எடை சட்டுனு ஆடாது. அந்த வித்தியாசத்தைத்தான் கோடாப் போடும். ரொம்ப ரோஷக்காரக் கருவி, ரோட்டுல லாரி போனாக்கூட முகத்தைச் சுளிக்கும். அதனால எங்களுக்கு ஒரு விதி. மத்த ரெண்டு நிலையமும் ‘எங்களுக்கும் தெரியுது’ங்கிற வரைக்கும் யாருக்கும் போன் பண்ணக்கூடாது. மூணு நிலையம் சேர்ந்தாத்தான் எங்க கிளம்புச்சுன்னே சொல்ல முடியும். விதியாம் விதி! பின்னாலயே பெருசா ஒண்ணு வந்தா? ஹால் நிறைய ஜனம், கூடப்பொறந்தவ மேடையில நிக்கிறா, நான் விதியைப் படிச்சிட்டிருக்கவா? ஹால் மேனேஜருக்கு அடிச்சு, எல்லாரையும் வெளிய அனுப்புங்கன்னேன்.

ஓட்டம்னா ஓட்டமாம்! வயலின் மேலயே ஒருத்தர் விழுந்துட்டாராம். வெளிய நின்னு பாக்குறாங்க, பாக்குறாங்க, பூமி ஆடுற வழியாக் காணோம். பாதிப் பேர் அப்படியே வீட்டுக்கு நடையைக் கட்டிட்டாங்க. டைரக்டர் ‘உள்ளூர்த் தொந்தரவு’ன்னு ஒரு வரி எழுதி விஷயத்தை மூடிட்டாரு. தங்கச்சி மட்டும் ஒரே கேள்வி, ‘நிஜமாவே அதிர்ந்துச்சாக்கா?’ அதிர்ந்துச்சுடின்னேன். பொய்யா சொன்னேன்? அதிரத்தான் அதிர்ந்துச்சு!

...எங்கேர்ந்துன்னுதான் அவ கேக்கல.

அலைங்க ரெண்டு வகை. அண்ணன் தம்பின்னு வெச்சுக்கோங்க, ஒண்ணாத்தான் கிளம்புவாங்க. அண்ணன் ஓடி வருவான், வந்து லேசாத் தட்டுவான். தம்பி பின்னாடி நடந்து வந்து, அவன்தான் ஆட்டி எடுப்பான். தூரத்துலேர்ந்து வந்தா ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி. அந்த இடைவெளியை வெச்சுத்தான் எவ்வளவு தூரம்னு கணக்குப் போடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தர்ற பாடம். என் கோட்டுல இடைவெளியே இல்லீங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? கிளம்பின இடம் கருவிக்குப் பக்கத்துலயே.

நிலவறைக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னேன்ல... சொல்லலையா? பேட்டரி பாக்கப் போனேன். அவகிட்ட போன் பேசி முடிச்ச கையோட. வரும்போது அந்த இரும்புக் கதவைச் சாத்தினேன். சாத்தினேன்னா... அறைஞ்சேன். என் பலத்தை எல்லாம் சேர்த்து.

ஐயோ, போன் பண்ணும்போது அது நினைப்புலயே இல்லீங்க, சத்தியமா! கோபத்துல கண்ணு தெரியல. மேனேஜர் போனைக் காதுல வெச்சுக்கிட்டே மேடைப் பக்கம் நடந்தாரு. அப்பதான் திரையை இன்னொரு வாட்டி பாத்தேன். புரிஞ்சிருச்சு. ‘இருங்க, வேண்டாம்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், நின்னிருப்பாரு. போன்ல அவ பாட்டு கேட்டுச்சு. அவரு நடக்க நடக்க பாட்டு கிட்ட வருது. நல்லாப் பாடினா. ரொம்ப நல்லா. நான் கத்துக்கிட்டிருந்தாலும் எனக்கு அப்படி வந்திருக்காது.

நான் வாயே திறக்கல.

என்ன எழுந்துட்டீங்க? இறங்கணுமா? எந்த ஸ்டாப் இது... அட, நானும் இங்கதான். அதோ பாருங்க, அந்த மாடி வீடு. பால்கனியில துணி எடுக்குறாளே, அவதான். கொஞ்சம் இளைச்சிருக்கா, இல்ல?

...இல்லீங்க, நீங்க இறங்குங்க. நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்துக்கிறேன்.