பின்சீட்டில் அத்திம்பேர்

மோட்டார் சைக்கிளுக்குப் பின்சீட்டு வைத்தவன் தனிமையின் அருமை தெரியாதவன். வெள்ளைக்கார ஃபோர்மன் ஊருக்குப் போகும்போது எனக்கு விற்ற வண்டியில் அது இருந்தது. கழற்றி எறிந்திருக்க வேண்டும், சோம்பலால் விட்டுவிட்டேன். அதனால்தான் நீங்கள் இன்று இத்தனை போலீஸ் காகிதத்தை வீணாக்க நேர்ந்தது.

பெயர் சௌரிராஜன். பொன்மலைப் பட்டறையில் டிராயிங் ஆபீஸ் வேலை. வாரத்தில் ஆறு நாள் இரும்பு அடிக்கும் சத்தம். ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வத்ஸலாவின் வீட்டில் இருக்கிறேன். அவள் புருஷன் யதிராஜன், எனக்கு அத்திம்பேர், ஓயாமல் பேசுவார். சாப்பிடும்போது மட்டும் பேசமாட்டார். அதற்கு ஆசாரம் இடம் தராது.

ஞாயிறுதோறும் கொள்ளிடப் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாகப் பச்சைமலை அடிவாரம் போவேன். விறகு வெட்டுகிறவர்கள் நடக்கும் கல்லுப்பாதையில் வண்டியை ஏற்றுவேன். மனிதக் குரல் கிடையாது. உலகத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அத்திம்பேர் சொன்னார்: "நாளைக்கு நானும் வரேண்டா சௌரி. இனிமே வாராவாரம் வரதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன்."

"பாதை மோசமா இருக்கும் அத்திம்பேர்."

"ஓட்டறது நீ. உக்காந்துக்கறவனுக்கு என்னடா?"

பின்சீட்டு தோல் என்று அதன்மேல் கோரைப்பாய்த் துண்டு விரித்து உட்கார்ந்தார். குடிக்கத் தனியாகக் கூஜாவில் காவேரி தீர்த்தம். துறையூர் வரை பேசினார். மலைப்பாதைக் குலுக்கலில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன, ஆனால் நிற்கவில்லை.

பாதி ஏற்றத்தில் ஒரு பாறை இருந்தது. சுற்றிப் போக இடமும் இருந்தது. நான் பாறைமேல் ஏற்றினேன். அவர் விழுந்தார், தொடை எலும்பு முறிந்தது. இழுத்துப் போய் நிழலில் சாய்த்து வைத்தேன்.

"சீக்கிரம் ஆளை அழைச்சுண்டு வா. ஜலத்தை வெச்சுட்டுப் போ."

அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவன் இல்லை நான். எனக்குத் தண்ணீர் ஒரு தோல் பையில். அதை அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். கூஜா வண்டியிலேயே இருந்தது.

"தோலாச்சேடா இது. கூஜாவைக் குடு."

"ஆபத்துக்குப் பாவமில்லை அத்திம்பேர்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே கூடத்தில் சாப்பிட்டவன் நான். அவர் எதைத் தொடுவார், எதைத் தொடமாட்டார் என்பது எனக்கு மனப்பாடம்.

அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவானேன் என்று உச்சி வரை தனியாகப் போனேன். கூஜாத் தீர்த்தத்தை அங்கே குடித்தேன், நன்றாக இருந்தது. மறுபக்கத்துப் பாதையில் இறங்கினேன். துறையூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தவில்லை. அத்திம்பேர் துறையூரில் உபன்யாசம் கேட்கத் தங்கிவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை, விறகுக்குப் போன மருதை என்கிறவர் உடலைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பக்கத்தில் பை நிறையத் தண்ணீர் இருந்ததாம், வாய்க்கட்டைக்கூட அவிழ்க்கவில்லையாம். உங்களுக்கு அது புதிராக இருக்கிறது. எனக்கு இல்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்கா கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்: அவரைத் தவிக்கவிட்டு நான் வரவில்லை. நாலு பேருக்குக் காணும் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் வந்தேன்.