கேலன்காரர் பொண்ணு

திருட்டே இல்ல மேடம். நீங்க வந்ததுலேருந்து அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். கப்பலுக்கு ஏத்தற தண்ணி எங்கயும் போகல. அந்தா, அந்த மூணு தொட்டிக்குள்ளதான் கிடக்கு. காணாமப் போனது உங்க பேப்பர்ல மட்டும்தான்.

உக்காருங்களேன், அந்த ஸ்டூல்ல. ஒரு கால் ஆடும், ஆனா விழாது. நானும் உக்காந்துக்கறேன். காலையிலேருந்து மூணு தொட்டியும் ஏறி இறங்கியாச்சு, முட்டி கழண்டு கையில வந்துரும் போல இருக்கு.

பாருங்க. பெரிய தொட்டியில நூத்தி நாப்பத்தி மூணு கன மீட்டர் இருந்துச்சு. உங்க ஆபீஸ் கணக்குல நூத்திப் பத்தொன்பது. நடுத் தொட்டியில தொண்ணூறு, அங்க எழுபத்தஞ்சு. சின்னதுல அறுபது, அங்க அம்பது. வேற எந்த நாள வேணா எடுத்துப் பாருங்க, எல்லாத்துலயும் ஆறுல ஒரு பங்கு காணோம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எந்தத் திருடன் மேடம் இப்படித் தராசு புடிச்சுத் திருடுவான்? எங்க அப்பா திருடி வித்திருந்தா ஒரு நாள் ஒரு குடம், ஒரு நாள் ஒரு லாரின்னுல்ல போயிருக்கும்.

என்ன நடந்துச்சுன்னா, அப்பாவும் நானும் தொட்டிக்குள்ள அளவுக் கம்பி விட்டு அளந்து கேலன்ல சொல்றோம், அது போன்ல ஆபீஸுக்குப் போகும். ஆபீஸ்ல இருக்கற அண்ணன் அதக் கன மீட்டரா மாத்தி எழுதிக்கறாரு. பழைய அண்ணன் சரியா மாத்திக்கிட்டிருந்தாரு. அவரு லீவுல போனாரு. புதுசா வந்தவரு போன்ல கேலன்னு போட்டுத் தட்டியிருக்காரு, அதுல வந்தது அமெரிக்கக் கேலன். அது நாலு லிட்டர்கூடத் தேறாது. நாங்க சொல்றது பிரிட்டிஷ் கேலன், நாலரைக்கும் மேல. ரெண்டு நாட்டுக்காரனும் ஒரே பேர வச்சுக்கிட்டு வேற வேற குடத்துல அளந்ததுல நடுவுல எங்க அப்பா திருடனாயிட்டாரு. புது அண்ணனையும் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு கேலன் இருக்குன்னு எனக்கே இங்க வந்த பெறகுதான் தெரியும்.

சோதிச்சுப் பாக்கணுமா, பாருங்க. கன மீட்டர்ல ஒரு நம்பர் சொல்லுங்க, கேலனா மாத்தறேன். இருநூத்தி ஏழா? ரெண்டால பெருக்கினா நானூத்திப் பதினாலு. அதுல பத்துல ஒண்ணு நாப்பத்தி ஒண்ணு புள்ளி நாலு, கூட்டினா நானூத்தி அம்பத்தஞ்சு புள்ளி நாலு. நூறால பெருக்குங்க. நாப்பத்தஞ்சாயிரத்து ஐநூத்தி நாப்பது கேலன். உங்க போன் என்ன சொல்லுது, ஐநூத்தி முப்பத்தி நாலா? ஆறு கேலன்தானே. கப்பல்ல சமையக்காரரு கை கழுவற தண்ணி அது.

கெட்டிக்காரின்னெல்லாம் நினைச்சிராதீங்க. கணக்குல நான் தேறினதே கெடயாது. ஒரே பெருக்கல தெனம் போட்டா கழுதைக்கும் வரும்.

ஆமா, பள்ளிக்கூடத்த விட்டுட்டேன். பதினொண்ணுல நின்னுட்டேன். ஏன்னு கேட்டா, பிடிக்கலன்னு சொல்லுவேன். எல்லார்கிட்டயும் அதான் சொல்றது. எங்க டீச்சர்கூட வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க. நான் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். போகும்போது எங்க அம்மாகிட்ட, உங்க பொண்ணுக்குத் திமிருன்னு சொல்லிட்டுப் போனாங்க. இருக்கு, இல்லங்கல.

சம்பளமா? எனக்கா? எனக்கு யாரு குடுப்பா. அப்பாவுக்குத் தொணைக்கு வர்றேன், அவ்வளவுதான். கேட்ல உள்ள அண்ணனுக்குத் தெரியும், விட்டுருவாரு.

அப்பாவுக்கு ஏன் தொணையா... அது வந்து, புதுக் கம்பி வந்துச்சுல்ல. முன்னாடி அளவுக் கம்பியெல்லாம் கேலன் கோடு போட்டதுதான். அப்பா சின்ன வயசுல இங்க வேலைக்குச் சேந்தப்பலேருந்து அதுதான். மேல ஏறுவாரு, மூடியத் தொறப்பாரு, கம்பிய விடுவாரு, நனைஞ்ச எடத்தப் பாப்பாரு, அங்கேருந்தே கத்துவாரு. அப்புறம் அதெல்லாம் மாத்தி கன மீட்டர் கோடு போட்ட கம்பி குடுத்தாங்க. அப்பா, எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது, நான் கேலன்காரன், என் பொண்ணு பாத்து மாத்திச் சொல்லட்டும்னுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னையிலேருந்து அவரு பேரே கேலன்காரர்தான். நான் கேலன்காரர் பொண்ணு.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. அவரே சிரிப்பாரு.

கேளுங்க, இன்னும் இருக்கு. ஸ்டோர்ல ஒருத்தரு இருந்தாரு, ரொம்ப நல்ல மனுசன். பெரியவரு இப்படிக் கஷ்டப்படறாரேன்னு எங்கயோ தேடிப் புடிச்சு கேலன் கோடு போட்ட கம்பி ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து... நான் அப்பா மூஞ்சியப் பாத்தேன். அப்பா அந்தக் கம்பியத் தடவிப் பாத்தாரு. இது அமெரிக்கக் கேலன், நமக்கு ஆகாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அந்த மனுசன் விடல. அடுத்த வாரம் பிரிட்டிஷ் கேலன் கம்பியே கொண்டாந்துட்டாரு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? எனக்குக் கேலனும் சரிப்படாது, நான் பேரல் கணக்குல பழகினவன்னுட்டாரு.

வந்துச்சு வினை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. முப்பத்தாறு கேலன் ஒரு பேரல். அதுல பாதி கில்டர்கின்னு ஒண்ணு. அதுல பாதி ஃபர்கின். பேரலோட இன்னொரு அரை சேந்தா ஹாக்ஸ்ஹெட். சோடாவ வாயில ஊத்திக் கொப்புளிச்ச மாதிரி பேருங்க. எல்லாம் அந்தக் காலத்துல பீர் அளந்த அளவாம். நூத்தி நாப்பத்தி மூணு கன மீட்டருக்கு எண்ணூத்தி எழுபத்தி மூணு பேரல், ஒரு கில்டர்கின், ஒரு ஃபர்கின், மேல அஞ்சு கேலன். இத நான் தொட்டி உச்சியில காத்துல நின்னு மனசுல போடணும், அப்பா காதுல சொல்லணும், அவரு கீழ கத்தணும். கீழ இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்த ஸ்டோர்க்காரரு கையெடுத்துக் கும்பிட்டு, தாயே, நீயே மாத்திக் குடும்மான்னு கம்பிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் திரும்பக் கேலனுக்கே வந்துட்டோம். பேரல் எங்களாலயே முடியல.

சரி, நீங்க கேக்கறதும் நியாயம்தான். கம்பி கன மீட்டர். ஆபீஸ் கணக்கும் கன மீட்டர். நடுவுல எதுக்குக் கேலன்? மூக்க நேரா தொடாம தலையச் சுத்தித் தொடற வேலைதான். தெரியுது. எனக்குத் தெரியாதா, தெனம் சுத்தறவளே நான்தானே.

இன்னைக்கேவா?

நீங்க சொல்றது புரியுது, ஒரே ஒரு தடவை அவரு தனியா ஏறி, கம்பியில இருக்கறத இருக்கறபடியே கன மீட்டர்ல உங்க முன்னாடி சொல்லிட்டாப் போதும், திருட்டு இல்லன்னு எழுதிருவீங்க, பெறகு யாரும் கேலன் பேச வேண்டாம், நானும் வீட்டுல இருக்கலாம். நல்லதுதான் சொல்றீங்க. ஆனா ஏணி ஈரமா இருக்கு மேடம். ஈரம் காயட்டுமே. சாயந்தரம் வச்சுக்கலாம். இல்லன்னா நானும் கூட ஏறறேன், வாயே தொறக்க மாட்டேன், ஓரமா நிக்கறேன். அதுவும் கூடாதா. சரி, அவருக்கு முதுகு வலி. நேத்துலேருந்து. அது... முதுகு வலின்னா ஏற முடியாதுன்னு இல்ல. இப்ப ரெண்டு தடவை ஏறினாருதான். நீங்க வரும்போது பாத்தீங்களா.

ஏறுவாரு மேடம். ஏறறதுல ஒரு சிரமமும் கெடயாது. நாப்பது வருசமா ஏறின ஏணி. எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

சும்மா இருங்க ஒரு நிமிசம். எனக்குப் பொய் சொல்ல வராது. எங்க அம்மா சொல்லுவாங்க, உன் வாய் ஒரு நாள் இந்த வீட்டுக் கூரையப் பிரிக்கும்னு. இங்க வர்றதுக்கு முன்னாடி காலையிலயும் சொன்னாங்க. ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்களாம், எது கேட்டாலும் உங்க அப்பா பிடிவாதக்காரருன்னு மட்டும் சொல்லு, வேற ஒரு வார்த்தை பேசாதன்னாங்க. பிடிவாதக்காரன வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்களாம். திட்டிட்டு விட்டுருவாங்களாம்.

நீங்களும் கெழவனுக்குப் பிடிவாதம்னு எழுதிட்டுப் போயிருவீங்கன்னுதான் இவ்வளவு நேரமும் இந்த பேரல், ஃபர்கின் கதையெல்லாம் அளந்தேன். நீங்க என்னடான்னா அதுக்கு வழி சொல்றீங்க. எல்லாரும் வழி சொல்றாங்க. அந்த ஸ்டோர்க்காரரும் அப்படித்தான். நல்லவங்களச் சமாளிக்கறதுதான் மேடம் ரொம்பக் கஷ்டம்.

அப்பாவுக்கு லிட்டர், கன மீட்டர் எல்லாம் தண்ணி பட்ட பாடு. நான் கன மீட்டர்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள மனசுல திருப்பிப் போட்டுருவாரு. நான் தப்பா மாத்திட்டா தோள்ல தட்டுவாரு. இந்தக் கேலனே வேண்டியதில்ல எங்களுக்கு. நான் கூட இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல, அதுக்குத்தான். ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும், பாவம்னு மட்டும் சொல்லிரக் கூடாதுன்னாரு.

எனக்கு அலுத்துப் போச்சு மேடம். நெஜமாவே. தெனம் மூணு தொட்டி, காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, ரெண்டால பெருக்கு, பத்துல ஒண்ணக் கூட்டு. கனவுலயும் பெருக்கறேன். அந்த டீச்சரப் பஸ்ஸுல பாத்தா எறங்கி அடுத்த பஸ்ஸுல போறேன். இன்னும் எத்தன நாளைக்குன்னு அப்பாகிட்டக் கேக்க முடியல. அம்மாகிட்டக் கேட்டா அழறாங்க.

அந்தா வர்றாரு. டீ குடிச்சுட்டு வர்றாரு. பம்பு ரூம் சுவத்த ஒட்டியே வருவாரு, எப்பவும் அந்த வழிதான்.

மேடம், அந்த ஹெல்மெட் உங்களுதா? நடையில வச்சிருக்கீங்களே, அது. அத எடுத்துருங்க. சீக்கிரம். அந்த எடத்துல ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சுத்தான் அவரு கால் வைப்பாரு.

ஆமா. ரெண்டு கண்ணும். பார்வையில ஓரமெல்லாம் முதல்ல போச்சு, புதுக் கம்பி வந்த சமயத்துல நடுவும் போயிருச்சு. இப்ப வெளிச்சம் மட்டும் தெரியும்.

என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. திருடன்னு மட்டும் எழுதிராதீங்க. அத அப்புறம் பாத்துக்கலாம், இப்ப கிட்ட வந்துட்டாரு. நீங்க முதல்ல ஒரு வார்த்தை பேசிருங்க மேடம். எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறதுன்னு அவருக்குத் தெரியணும்.