சொன்னவர் ஒருவர், எழுதியவன் நான்

1961 ஆகஸ்ட் 9, புதன்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. மார்மன் என்ற கிறிஸ்தவ சபையாரின் வேதம் அச்சான ஆண்டை 1820 என்று எழுதிவிட்டேன். 1830 என்பதே சரி.

மாலை வகுப்பில் அதைப் பற்றி விவாதம் நடந்தது ஜனவரியில். அமெரிக்காவில் ஒருவர் வாயால் சொல்லச் சொல்ல, வேறு சிலர் எழுதினார்களாம். எழுதியவர்களுக்கும் அந்த வேதத்தில் பங்கு உண்டா என்பது கேள்வி. இல்லை, எழுதுபவன் வெறும் கை என்றேன். நான் குமாஸ்தாவாக இருக்கும், தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி பக்ருதீனும் அதே வகுப்புதான். எழுந்தான்.

“ஏப்பா இருதயநாதா, எழுத உக்காரும்போது மூளையக் கழட்டி மசிக்கூட்டுலயா போட்டுட்டு உக்காருவ?”

வகுப்பே சிரித்தது, வாத்தியார் உட்பட. அவன் பக்கம் பதினேழு பேர் கை தூக்கினார்கள். என் பக்கம் நான் மட்டும். வருத்தமில்லை என்று அன்று குறித்திருக்கிறேன். அது முழு உண்மையா என்று இப்போது சந்தேகம்.

மூன்று வாரம் கழித்து, ஷாப்பின் தொழிலாளி சௌகத் அலி, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் விழுந்தார். வெளியே எடுத்தபோது மண்டை பிளந்திருந்தது. எல்லோரும் வண்டி பிடிக்க ஓடினார்கள். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவனே. அவருடைய வாக்குமூலத்தை எழுதி, பெருவிரலில் மசி தடவி ரேகை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். அந்தத் தாளால்தான் பக்ருதீன் ஜெயிலில் இருக்கிறான்.

இன்று அவனுடைய அம்மா காதர் பீவி வந்தார்.

“தம்பி, மவுத்தானவுக வாயில வந்ததத்தான எழுதுனீக? வேற ஒண்ணும் சேக்கலையே?”

“சேக்கலம்மா.”

“அல்லா பாத்துக்கிட்டுருக்கான் தம்பி.”

அவர் போன பிறகு இந்த நோட்டை எடுத்தேன்.

ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன். சௌகத் அலி சொன்னது ஒரே சொல்: ‘வழுக்கிருச்சு.’ தாளில் இருப்பது: ‘பக்ருதீன் தள்ளினான்.’ அன்று காலை இருவருக்கும் வாய்ச்சண்டை. மூச்சு மிச்சமிருந்திருந்தால் அவர் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே அது அவருடைய சொல். நான் எதையும் சேர்க்கவில்லை.

தூக்கா ஆயுளா என்று ஷாப்பில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் வேறு. வகுப்பில் என்னைக் கேட்ட கேள்வியைப் பக்ருதீன் தன் வக்கீலுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பானோ? பதினேழு பேர் சிரித்த கேள்வி அது. நீதிபதியும் சிரித்துவிட்டால்?

நாளை: ஆறரை பஸ்ஸில் மதுரை. பத்தரைக்கு செஷன்ஸ் கோர்ட். சத்தியம் செய்துவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.