சரித்துப் போட்ட ஓட்டோ

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். என் முன் இருக்கையில் ஒரு மீனவர். பக்கத்தில் அவருடைய கூட்டாளி. பாசிக்குடாவில் வேன் ஓட்டுகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"என்ட தம்பி ஓட்டோவச் சரிச்சுப் போட்டுத்தான் ஸ்ப்ரே அடிச்சவன்," என்றார் மீனவர்.

"சரிச்சுப் போட்டா?"

"மீன் ஏத்துற ஓட்டோ மச்சான். ஐஸ் தண்ணி வடிஞ்சு அடித்தகடு முழுக்கக் கறள் பிடிச்சு அரிச்சுப் போச்சு. அதான் ரப்பர் கோட்டிங் ஸ்ப்ரே வாங்கி வந்தான். கீழ படுத்து அடிச்சா மூஞ்சியில விழுகுது. தோணியச் சரிச்சுத்தானே தார் பூசுறம் எண்டான். பெற்றோல வடிச்சு, பற்றரியக் கழட்டி, கரையில நிண்ட ஆறு பேரக் கூட்டி வந்து ஓலைக்கு மேல சாய்ச்சிட்டான்."

"சனம் ஓடி வந்திருக்குமே!"

"பக்கத்து வீட்டுக்காரி ஓட்டோ பிரண்டுட்டு எண்டு நினைச்சு அம்புலன்சுக்கே போன் அடிச்சிட்டா. அதுல வந்தவங்களும் போகல்ல, நிண்டு பாத்தாங்க. கறளச் சுரண்டி, ஓட்டையெல்லாம் அடைச்சு, அடிக்க அடிக்கத் தகடு எருமத் தோல் மாதிரி வந்திச்சி."

"மறுகா என்ன நடந்த?"

"நேத்து வவுணதீவுப் பக்கம் றோட்டுல கணுக்கால் தண்ணி. அதுக்குள்ளால ஓட்டிட்டு வந்தான். வந்து கால்விரிப்பத் தூக்கிப் பாத்தம். முந்தநாள் புழுதி அப்படியே கிடக்கு, மச்சான். ஈரமே இல்ல."

வேன்காரர் விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார். ஏறாவூர் தாண்டிய பிறகுதான் மெதுவாகக் கேட்டார்:

"வேன் ஒண்டச் சரிக்க எத்தின பேர் வேணும்?"