கேக்கவே மாட்டேங்கறாங்க அக்கா

…அதத்தான் அக்கா சொல்றேன், இப்பல்லாம் ஒரு பேச்ச முழுசா உக்காந்து கேக்கற பொறுமை யாருக்கும் இல்ல. இருங்க, ஹெட்போன் நழுவுது… ம், இப்ப சரி. இந்தத் திருகு மேல கைய வச்சுக்கங்க. காதுல விழறது பிடிச்சா வலப்பக்கம் திருப்பணும், போரடிச்சா இடப்பக்கம். நீங்க திருப்பத் திருப்ப எனக்கு எதிர்ல இருக்கற திரையில ஒரு கோடு ஏறும், எறங்கும். அவ்வளவுதான் வேல. ஒரே ஒரு சட்டம், முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. கைதான் பேசணும்.

ஆங், கோடு ஓட ஆரம்பிச்சாச்சு.

எங்க வீட்டு மாடிக்குக் குடி வந்து இன்னும் பெட்டிகூட பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள உங்கள இங்க பல்கலைக்கழகம் வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன். அம்மா திட்டினாங்க, “புதுசா வந்தவங்கள இப்பிடியாடி படுத்துவே”ன்னு. நான் என்ன பண்ண? சிநேகிதிங்க எல்லாரையும் உக்கார வச்சாச்சு. சித்தி, சித்தப்பா, சித்தப்பாவோட ஆபீஸ்காரங்க, பல் டாக்டர்… பல்லப் பிடுங்கப் போனவ அவரையே பிடுங்கிட்டு வந்தேன். நீங்கதான் கடைசி ஆளு. உங்க கோடும் கெடச்சுட்டா நாளைக்குக் காலைல எங்க கைடு மேடம் மேசைல ஆராய்ச்சிய வச்சுடலாம். மேடம் கையெழுத்துப் போடலேன்னா இந்த வருஷமும் போச்சு. அப்பா இப்பவே யாராவது கேட்டா ‘படிச்சுட்டிருக்கா’ன்னு சொல்றதில்ல. ‘படிச்சுட்டே இருக்கா’ங்கறாரு.

கையத் தூக்காதீங்க அக்கா. திருகு மேலயே இருக்கட்டும்.

இது எங்க அரங்கத்துல பதிவு பண்ணின உரையாடல். ஒரு எழுத்தாளர், ஒரு வயலின்காரம்மா. இவரு கொஞ்சம் பேசுவாரு, அவங்க கொஞ்சம் வாசிப்பாங்க. அற்புதமான பதிவு. எங்க எந்த வரிசைலேர்ந்து இருமல் வரும்கறதுகூட எனக்கு மனப்பாடம். ஆனா அன்னிக்கு வந்திருந்த கூட்டம் இருக்கே… ஒருத்தரு, வில்லு தந்திய விட்டு எடுக்கல, அதுக்குள்ள கைதட்டறாரு. அவருக்கு எங்க முடியும்னு தெரியும்னு நாம தெரிஞ்சுக்கணுமாம். கேள்வி நேரம் வந்துச்சா, இன்னொருத்தர் எழுந்தாரு. “எனக்கு ஒரு சின்னக் கேள்வி”ன்னாரு. அவரு பொறந்ததுலேர்ந்து ஆரம்பிச்சாரு. வேலை கெடச்சது, மாத்தலாகிப் போனது, மொதலாளியோட சண்டை போட்டது எல்லாம் வந்துச்சு. எழுத்தாளர் பாவம், ஒரு கிளாஸ் தண்ணிய மெதுமெதுவா குடிச்சே முடிச்சுட்டாரு. கடைசில இவரு, “இதப் பத்தி உங்க கருத்து என்ன”ங்கறாரு. எதப் பத்தி? அவரு மாத்தலப் பத்தியா?

ஏறுது பாருங்க கோடு. தன்னோட மொத புஸ்தகத்த யாருமே வாங்கலன்னு எழுத்தாளர் சொல்ற எடமா இருக்கும்.

நேர்ல வந்தவங்களாவது பரவால்ல அக்கா. பதிவ இணையத்துல ஏத்தினா, அதுக்குக் கீழ எழுதறாங்களே, அதப் படிச்சா சாப்பாடு எறங்காது. ஒருத்தர் ‘சத்தம் கம்மி’ங்கறாரு. அடுத்தவரு ‘காது கிழியுது’ங்கறாரு. ஒரு அம்மா, ‘பின்னாடி தொங்கற தெரச்சீல எங்க வாங்கினது?’ இன்னொரு ஆளு, ‘முழுசா கேக்கல, ஆனா இவர் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.’ இதுக்கு எத்தன பேர் சபாஷ் போட்டிருக்காங்க தெரியுமா? கேக்காமயே ஒத்துக்காத ஒரு பெரிய கூட்டமே இருக்கு நாட்டுல.

அதத்தான் நான் ஆராய்ச்சியாவே எடுத்தேன். என் வாதம் என்னன்னா, பதிவு வழியாக் கேக்கும்போது பேசறவரு எதிர்ல இல்லாததால கேக்கறவங்களோட பங்கேற்புணர்வு படிப்படியா சிதைஞ்சு, கவனத்தோட அடர்த்தி கொறஞ்சு, அதனோட தொடர்ச்சியா… ஆ, எறங்குது. பாத்தீங்களா, சொல்லி வாய மூடல, எறங்குது. என் வாதம் உங்க கையாலயே நிரூபணமாகுது.

என்னக்கா, காதக் காட்டறீங்க? ஹெட்போன் இறுக்கமா? கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க, இப்ப நல்ல எடம் வரும்.

எல்லார் கோடும் இதே கதைதான். ஆரம்பத்துல ஜோரா ஏறும். நான் நாற்காலிய இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்து நாலு வார்த்த பேசறதுக்குள்ள தொபுக்கடீர்னு விழும். பல் டாக்டர் இடப்பக்கம் திருப்பின திருப்புல திருகே கையோட வந்துடுச்சு. படிச்ச மனுஷன், அவருக்கே பொறும இல்ல. சித்தப்பாவோடது மட்டும் வேற மாதிரி. கடைசி வரைக்கும் உச்சாணியிலயே நின்னுது. அன்னிக்கு அம்மா போன்ல கூப்பிட்டாங்கன்னு நான் வெளிய போயிட்டேன். பேசி முடிச்சுட்டு வந்தா பதிவே முடிஞ்சிருக்கு, மனுஷன் கண்ணு கலங்கி உக்காந்திருக்காரு. சித்தி வீட்ட விட்டுப் போனப்பகூட கலங்காத கண்ணு. மெஷின்தான் கோளாறுன்னு அந்தக் கோட்ட ஓரங்கட்டிட்டேன்.

ஆமா, சித்தி போனாங்க. திரும்பி வந்துட்டாங்க, மிக்சிய எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்களாம். எடுக்க வந்தவங்க அப்பிடியே இருந்துட்டாங்க… அடேயப்பா, என்ன ஏத்தம். எழுத்தாளர் கல்யாணத்தப் பத்திப் பேசறாரு போல.

எங்க துறைல கண்ணாடிக்காரன்னு ஒருத்தன் இருக்கான். மூக்கு மேல கண்ணாடி, அதுக்கு மேல கர்வம். அவன் சொல்றான், “கேக்கறவங்க மேல தப்பில்ல, உன் முறையிலதான் தப்பு. நீ பக்கத்துல உக்காராத”ங்கறான். விடுவேனா? ஆளத் தனியா விட்டா போன நோண்டுவாங்க, நான் பேச்சுத் துணைக்கு இருந்தாத்தான் தெம்பா கேப்பாங்கன்னு கேண்டீன் வாசல்ல நிக்க வச்சு சண்ட போட்டேன். இவன் பெரிய ரசிகன்னு பேசறானே, அந்த வயலின்காரம்மா வாசிச்ச அன்னிக்கு மொத வரிசைல உக்காந்து தூங்கினவன் அக்கா. குறட்ட பதிவாகியிருக்கு. அவங்க சுருதிக்கே சேத்து விட்டிருக்கான். அத மட்டும் தனியா வெட்டி எடுத்து வச்சிருக்கேன், என் போன்ல மணி அடிக்கறதே அந்தக் குறட்டதான்.

கோடு திரைக்கு மேலேயே போயிடுச்சே… இங்கதான் வயலின் உச்சத்துக்குப் போகும். ரசனை இருக்கு அக்கா உங்களுக்கு. இந்த எடத்துல பங்கேற்புணர்வோட தற்காலிக மீட்சின்னு ஒரு பகுதி எழுதியிருக்கேன், அதுல என்ன சொல்றேன்னா… சரி, எறங்கிடுச்சு. அதோட கோடும் நின்னுடுச்சு. முடிஞ்சுது. கழட்டிக்கங்க.

இப்பப் பேசலாம். எப்பிடி இருந்துச்சு?

…என்னது?

ஒண்ணுமே கேக்கலயா? மொதல்லேர்ந்தா? அதுக்குத்தான் கையத் தூக்கினீங்களா… ஆமா, நான்தான் எறக்கச் சொன்னேன். இருங்க, பாக்கறேன். கோட்ட ஓட விடற பொத்தான அமுக்கியிருக்கேன். பதிவ ஓட விடறத… அமுக்கல.

அப்ப இவ்வளவு நேரம் எதுக்குத் திருப்பினீங்க?

எனக்கா.

இந்த மேடு, சித்தியோட மிக்சி. இந்தப் பெரிய மேடு, குறட்ட. இந்தப் பள்ளம்… என் வாதம். அடுத்த பள்ளமும் என் வாதம்தானா? ஏன்க்கா, அது அவ்வளவு மோசமாவா… சரி, கோடே சொல்லுது, நீங்க வேற எதுக்கு.

அப்ப பல் டாக்டர் திருகப் பிடுங்கினது எழுத்தாளருக்காக இல்ல. அவங்க எல்லாருக்கும் பதிவு ஓடிச்சு, அதுக்கு மேல நானும் ஓடினேன். ஜோரா ஏறினது எழுத்தாளரு. விழுந்தது நான். ஒருத்தருக்குத்தான் நான் இல்லாம கேக்கக் கெடச்சுது, அவருதான் கண்ணு கலங்கி உக்காந்திருந்தாரு.

ஒண்ணு பண்ணலாமே. நாளைக்கு இப்பிடியே குடுத்துட்டா என்ன? கோடெல்லாம் என் வாதத்துக்குச் சாதகமாத்தானே விழுந்திருக்கு, யாருக்குத் தெரியப் போகுது… அப்பிடிப் பாக்காதீங்க அக்கா. சும்மா வாய்ல வந்துடுச்சு. மாட்டேன். ஜனங்களுக்குப் பொறும இல்லன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கேன், அவங்க எத்தன பொறுமையா என்னையே தாங்கியிருக்காங்க.

மேடம்கிட்ட நேராப் போயி நின்னுட வேண்டியதுதான். கேட்டவங்க மேல குத்தமில்ல, நடுவுல பேசினவ மேலதான் குத்தம்னு. கண்ணாடிக்காரன் காதுக்கும் போகும், போகட்டும். சித்தப்பா கோட்ட அழிக்கல, கம்ப்யூட்டர்லயே ஒரு மூலைல கெடக்கு. உங்களோடதும் ஒழுங்கா ஒண்ணு கெடச்சா, ரெண்டையும் காட்டி, மத்தவங்கள மறுபடி உக்கார வைக்க அவகாசம் கேக்கலாம். குடுத்தா குடுக்கட்டும். இல்லேன்னா, அப்பா சொல்றாப்பல, படிச்சுட்டே இருப்பேன்.

இன்னொரு வாட்டி கேப்பீங்களா அக்கா? நெஜமாவா? நான் வெளிய நின்னாத்தானா… சரி, நியாயம்தான்.

பதிவ ஓட விடற பொத்தான அமுக்கிட்டேன். வருதா? வயலின்தானே? தலைய ஆட்டினா போதும். திரைய மட்டும் கதவுப் பக்கமா திருப்பி வச்சுக்கறேன், கண்ணாடி வழியாப் பாப்பேன், மூச்சு விட மாட்டேன். போறேன். கைய ஆட்டித் தொரத்தாதீங்க, போய்ட்டேதான் இருக்கேன்.

…அக்கா, கதவத் தொறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க, ஒண்ணே ஒண்ணு. இப்ப வரப்போற எடத்துல எழுத்தாளர் சொல்றது இருக்கே, அதுக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னா…

ஓ. இடப்பக்கம் போயிடுச்சு.

சரி, சாத்திக்கறேன்.