ஷூவுக்குள் போகாத செய்திகள்

ஆம்பூரில் ஷிப்ட் விட்ட நேரம். வேலூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை, இளையவள் மடியில் தடித்த நோட்டு. இளையவள் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் கலைந்தது.

"நீ ஷூவுக்குள்ள திணிக்காம வெச்ச பேப்பராலதான்க்கா ஐஏஎஸ் பிரிலிம்ஸ் பாஸ் பண்ணேன்."

"நான் இன்னா பண்ணேன்? பேக்கிங்ல ஷூ நசுங்கக் கூடாதுன்னு பழைய நியூஸ் பேப்பரக் கசக்கித் திணிக்கிறோம். அதுல உனக்கு ஆவும்னு நாலு தாள் எடுத்து வெச்சேன்."

"நாலு தாளா? வருஷம் பூரா குடுத்தியே! ஆனா சினிமா பக்கம் ஒண்ணுகூட வரல."

"அதெல்லாம் ஷூவுக்குள்ள போய்ட்ச்சு. உனக்கு எதுக்கு அது?"

"பேப்பர் கம்மியாச்சுன்னு சூப்பர்வைசர் கத்தலியா?"

"அதுக்குப் பதிலா வூட்லேர்ந்து எம் புள்ளைங்க பழைய நோட்ட எடுத்தாந்து திணிச்சுட்டேன்."

"சதுப்பு நிலம் பத்தி ஒரு கேள்வி வந்துச்சுக்கா. உன் பேப்பர்ல இருந்ததேதான்."

"எது, வெளிநாட்டுப் பறவைங்க வருமே, கட்டடம் கட்டக் கூடாதுன்னு போட்ருந்தாங்களே, அதா?"

இளையவள் மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் படிச்சியாக்கா?"

"படிக்காம உனக்கு எது ஆவும்னு எப்டித் தெரியும்? நானும் டிகிரி முடிச்சவதான்."

"அப்ப நீயும் பரீட்சை எழுதியிருக்கலாமேக்கா."

மூத்தவள் சாப்பாட்டுப் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் கட்டு ஒன்றை எடுத்து, அந்த நோட்டின்மேல் வைத்தாள்.

"எழுதியிருக்கலாம். அப்புறம் உனக்கு யாரு எடுத்து வெக்கிறது?"