பார்லிமெண்ட்டை உட்காரச் சொன்னவர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவன் மனைவி. டில்லி போய்த் திரும்புகிறவர்கள். காலடியில் பெரிய பெட்டி. அந்த அம்மா திடீரென்று ஆரம்பித்தார்:

"ரயில்லயே கேக்கணும்னு இருந்தேன். பார்லிமெண்ட்ட எதுக்கு உக்காரச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு. பஸ்ஸுல ஆளுங்க இருக்காங்க."

"பார்வையாளர் கேலரில வாயத் தொறக்கக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னாங்க? சபாநாயகர் உள்ள வந்தாரு, எம்பிங்க எல்லாரும் எழுந்து நின்னாங்க. நீங்க இன்னாடான்னா, 'ம், உக்காருங்க'ன்றீங்க!"

"பழக்க தோஷம்டி. அத்தினி பேரு ஒண்ணா எழுந்து நின்னா, வாத்தியாரு வாயில வேற இன்னா வரும்?"

"செக்யூரிட்டி முறைச்ச முறைப்பு இருக்கே! வெளிய அனுப்பியிருந்தா ஊருக்குள்ள எப்படி மூஞ்சியக் காட்டறது?"

"சரி, யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத."

"சொல்லாம இருப்பனா? மொதல்ல உங்க ஹெட்மாஸ்டர் வூட்டுக்குத்தான் போறேன்."

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. வாத்தியார் மனைவி பக்கம் சாய்ந்தார்.

"சொல்றதுதான் சொல்ற, முழுசாச் சொல்லு. நான் சொன்னதும் எல்லாரும் உக்காந்தாங்க இல்ல?"